ஊதா மூடி

உள்ளறையிலிருந்து டொம் என்று ஒரு சத்தம் வந்தது. அதிகாரி அம்மாவின் கையிலிருந்த கோப்பையிலிருந்து தேநீர் தட்டில் சிந்தியது.

மறுபடி டொம்.

"என்னம்மா அது?"

"எம்பொண்ணு தலை மேடம்," என்றாள் ஊசிக்காரி. "சுவத்துல முட்டிக்கிறா. ரெண்டு ஆச்சு."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். அப்படிச் சிறை வைக்காவிட்டால் அந்தக் கைகள் தாமாகவே ஓடிப்போய் அந்தத் தலையைத் தாங்கிக்கொள்ளும்.

மூன்று. நான்கு.

கூடத்தின் மறு மூலையில் நின்றிருந்த அவள் கணவன், கிரில் பட்டறை வெல்டர், ஓர் அடி எடுத்து வைத்தான்.

"அங்கேயே நில்லுங்க."

"ஏய், மண்டை உடைஞ்சிடும்டி!"

"நில்லுங்கன்னு சொன்னேன்ல?"

பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது என்று அதிகாரி அம்மா திரும்பினாள். திரும்பியவளுக்கு ஊசிக்காரியின் முகம் தெரிந்தது. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"மேடம், அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் கீழ வச்சிடுறீங்களா?"

அதிகாரி அம்மா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அது பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. டிக், டிக். நம் காதுக்கு அது சத்தமே இல்லை. பாப்பாவுக்கு அது காதுக்குள் நுழைகிற பூரான். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தன் குடும்பத்தின் தலையெழுத்தைக் காகிதமாக மடித்துக் கைப்பையில் வைத்திருப்பவளை, வந்ததும் வராததுமாகக் குறை சொல்ல ஊசிக்காரிக்கு நா எழவில்லை.

அந்தக் காகிதத்தில் ஒரு கட்டம் இருந்தது. இந்த ஒரு மணி நேரத்துக்குள் பதின்மூன்று வயதுப் பாப்பாவை யாராவது கையையும் காலையும் பிடித்து அடக்க வேண்டி வந்தால், அந்தக் கட்டத்தில் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் பள்ளிக்கூடம் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஒரு வண்டி வந்து பாப்பாவை, அடங்காத பிள்ளைகளைப் பூட்டி வைக்கிற மூடிய இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும்.

ஐந்து, என்று எண்ணினாள் ஊசிக்காரி. ஆறு.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். நரம்பே அகப்படாத கிழடுகளும், ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற குழந்தைகளும் அவள் நாற்காலிக்குத்தான் வரிசை கட்டுவார்கள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். "ஊசிக்காரம்மா கையாலதான் வேணும்" என்று அடம் பிடிப்பார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் "வலிக்கவே வலிக்காது" என்பார்கள். இவள் அந்தப் பொய்யைச் சொல்லவே மாட்டாள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே, "வலிக்கும்ங்க. மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். கத்தணும்னா கத்துங்க, கையை மட்டும் ஆட்டாதீங்க" என்பாள். உண்மையைக் கேட்டவன் கை ஆடுவதில்லை.

அவள் கைகள்தாம் பார்க்கச் சகிக்காது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை கடித்த தடம், கீறிய தடம். பழையவை மஞ்சளாக, புதியவை கருநீலமாக. முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தாலும் கையுறை மாட்டும்போது தெரிந்துவிடும்.

"என்னம்மா, வீட்ல புலி கிலி வளர்க்கிறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"புலி இல்லைங்க, பொண்ணு," என்றாள் சிரித்துக்கொண்டே. அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

பாப்பாவுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டு வார்த்தைகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்து போயிருந்தன. கடைசியாகப் போனது 'அம்மா'. ஐந்து வயதில் கோபம் வந்தால் தன் கையைக் கடித்தாள். எட்டு வயதில் அடுத்தவர் கையை. பத்து வயதில் டிவி உடைந்தது, இரண்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது, வெல்டரின் முன்பல் ஒன்று உடைந்தது. பாப்பா கெட்டவள் இல்லை. மிக்ஸி ஓடும் சத்தம், சட்டைக்குள் குத்துகிற லேபிள், சொன்ன நேரத்துக்கு வராத வேன், இப்படி ஏதோ ஒன்று அவளுக்குள் நெருப்பைப் பற்ற வைக்கும். எரிகிறது என்று சொல்ல வார்த்தை கிடையாது. அடிப்பதுதான் அவள் சொல்கிற வழி.

ஊசிக்காரி ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. ஒருநாள் பாப்பா கொத்தாக முடியைப் பிடித்து இழுத்ததில் உச்சந்தலைத் தோல் கிழிந்துவிட்டது. வெறி பிடித்தவள் போல மகளைச் சுவரோடு தள்ளி, மாறி மாறி அறைந்தாள். ஆறு அறை. அதையும் எண்ணித்தான் அறைந்தாள் போலிருக்கிறது, கணக்கு மறக்கவே இல்லை. பாப்பா உதட்டில் ரத்தம் வழிய, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாளே அதே மாதிரி, அதே கையால், வேன் டிரைவரின் கன்னத்தில் ஆறு அறை விட்டாள். பிள்ளை எதை எங்கே கற்றுக்கொள்கிறது என்று அன்றைக்கு ஊசிக்காரிக்கு விளங்கிற்று. அதற்குப் பிறகு அவள் மகள்மேல் கை வைக்கவில்லை.

வெல்டர் தன் தொழில் புத்தியோடு வேறு வழி யோசித்தான். ஒருநாள் பட்டறையிலிருந்து தள்ளுவண்டியில் ஒரு சாமான் வந்து இறங்கியது. ஆள் உயர கிரில் கதவு, கொண்டி, பூட்டு எல்லாவற்றோடும். உள்ளறை வாசலுக்கு அளவெடுத்துச் செய்திருந்தான்.

"என்னங்க இது?"

"கோவம் வரும்போது மட்டும்டி. அரை மணி நேரம் உள்ள விட்டுப் பூட்டிட்டா, அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

ஊசிக்காரி குக்கர் மூடியைக் கையில் எடுத்தாள். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, தடுத்த முழங்கையில் ஒன்று. பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் அடிவாங்கியது அன்றுதான். "நீ ஊருக்கெல்லாம் கம்பி அடி! எம்பொண்ணுக்கு அடிக்காத!" என்று அலறினாள். கதவு அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போனது. வெல்டர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "குக்கர் மூடி சரியா மூட மாட்டேங்குது, விளிம்பு நெளிஞ்சிருக்கு" என்று சொல்லித் தானே தட்டி நிமிர்த்திக் கொடுத்தான். அவன் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான்.

கம்பி என்றால் அவளுக்கு அப்படி ஏன் பொங்கியது என்று அவனுக்குத் தெரியாது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மூடிய இல்லத்துக்கு அனுப்பியிருந்தார்கள், அங்கிருக்கிற பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க. முதல் பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டினாள். ரப்பர் பட்டை கட்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. கயிற்றுத் தடம். அடுத்த பிள்ளைக்கும் இருந்தது. அதற்கடுத்த பிள்ளைக்குக் கணுக்காலிலும் இருந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை, கையை இழுக்கவில்லை. இருபத்தெட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வந்தவள், வாசல் மரத்தடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

அந்த இல்லத்துக்குத்தான் இப்போது பாப்பாவின் பெயர் போயிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பயிற்சி டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தவள். சின்னப் பெண், கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, எப்போதும் ஒரு சிரிப்போடு இருப்பாள். "அக்கா, நாம அவளை அடக்கக் கூடாது. அவளே அவளைப் பார்த்துக்கக் கத்துக்கணும்" என்று முதல் நாளே சொன்னாள். அவள் யோசனைப்படி வெல்டர் ஒரு முழ நீள இரும்புப் பட்டை செய்து கூடத்துச் சுவரில் திருகினான். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. பாப்பாவின் படம் ஒட்டிய துணி கிளிப் ஒன்று. மனசு அமைதியாக இருந்தால் கிளிப் பச்சையில். குறுகுறுவென்று ஏறினால் மஞ்சள். தாங்க முடியாவிட்டால் சிவப்பு. கிளிப்பைச் சிவப்பில் போட்டுவிட்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை வைத்துக் கட்டிய சந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கே இருக்கும்வரை யாரும் தொடக்கூடாது, பேசக்கூடாது. வெளிக்கதவின் தாழ்ப்பாள்கூடச் சத்தம் போடாமலிருக்க ஊசிக்காரி அதில் பழைய ரப்பர் பட்டையைச் சுற்றி வைத்தாள்.

பரிசாக என்ன கொடுக்கலாம் என்று டீச்சர் கேட்டாள். அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பரிசோதனைக் கூடத்தில் காலாவதியாகிக் கழிக்கும், ரத்தம் பிடிக்கிற புதுக் குழாய்களின் மூடிகள்தாம் பாப்பாவுக்கு உயிர். அதிலும் ஊதா மூடி என்றால் சாப்பாடு வேண்டாம். வரிசையாக அடுக்கி, தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

"அப்ப சரி. பச்சையில இருந்தா ஒரு ஊதா மூடி," என்றாள் டீச்சர்.

அங்கேதான் எல்லாரும் தப்பு செய்தார்கள். படித்தவளும் செய்தாள், பெற்றவர்களும் செய்தார்கள்.

இரண்டு மாதம் கிளிப் பச்சையை விட்டு அசையவில்லை. வெல்டர் பட்டறையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தான். மூடிகள் நூற்றைம்பதைத் தாண்டின. இடையில் ஒரு தட்டு உடைந்தது, ஒரு கடி விழுந்தது. "பச்சையிலதானே இருந்தா? கை தவறியிருக்கும்" என்றார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே மாதிரி ஒரு பட்டை, அதிலும் கிளிப் பச்சையில். அந்தப் பச்சையை நம்பித்தான் டீச்சர் ஒருநாள் குனிந்து பாப்பாவின் ஷூ கயிற்றைக் கட்டப் போனாள். பாப்பா தன் நெற்றியால் அவள் முகத்தில் இடித்தாள். மூக்கெலும்பு முறிகிற சத்தம் வகுப்பறையின் கடைசி வரிசைவரை கேட்டதாம். தடுக்க வந்த இரண்டு பேர் கையில் சதை பிய்ந்தது. நாலு பேர் சேர்ந்து பாப்பாவைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். ஊசிக்காரி ஓடிப்போய்ப் பார்த்தபோது பாப்பாவின் சீருடை, டீச்சரின் புடவை, தரை எல்லாம் ஒரே ரத்தம். சுவரில் கிளிப் மட்டும் சமர்த்தாகப் பச்சையில் இருந்தது.

பள்ளிக்கூடம் மேலிடத்துக்கு எழுதிவிட்டது. ஆறு வாரத்தில் அதிகாரி வீட்டுக்கு வருவார், பார்ப்பார், முடிவெடுப்பார்.

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்தில் மலை மாதிரி ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். "ஊசியா? எனக்கா? பத்துகூடப் போடுங்க!" என்று சிரித்தான். ஊசி நுழைந்த மறுகணம் வேரோடு மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். அவன் முழங்கை இவள் தாடையில் இடித்ததில் நாற்காலியோடு இவளும் விழுந்தாள். அவனுக்கு முன்னால் வந்திருந்த ஒல்லிப் பெண் ஒருத்தி, "எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா, விழுந்துடுவேன்" என்று அழுதிருந்தாள். அவளைப் படுக்க வைத்து எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. நடந்தே போனாள்.

வாயில் ரத்தம் கரிக்க, தரையில் கிடந்தபடியே ஊசிக்காரிக்குப் பளிச்சென்று விளங்கியது. எழுந்து முதல் வேலையாக டீச்சருக்கு போன் போட்டாள்.

"டீச்சர், பாப்பா பச்சையில இருந்ததே இல்ல. பச்சையில போட்டா மூடி கிடைக்கும்னுதான் போட்டா. உள்ள எரியுதுன்னு சொன்னா நாம மூடி தர மாட்டோமே! நாமதான் அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கிட்டோம்."

மறுமுனையில் மூக்குக் கட்டுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது. "மூக்கு போன பிறகுதான் எனக்கு மூளை வருதுக்கா. இனிமே எந்த நிறமானாலும், உண்மையா இருந்தா மூடி."

அந்த வாரமே டீச்சர் முகமெல்லாம் கட்டோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் ஊசிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் இன்னும் இரண்டு கிளிப் எடுத்து மேசைமேல் வைத்தாள். "உங்களுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு. பெரியவங்க உண்மையைச் சொல்றதை அவ பார்க்கணும்."

"எனக்கு எதுக்குங்க?" என்றான் வெல்டர். "எனக்கென்ன கோவம் வருது?"

"கிரில் கதவு கொண்டுவந்த அன்னிக்கு உங்க கிளிப் எங்க இருந்திருக்கும்?" என்றாள் மனைவி.

அவன் கிளிப்பை வாங்கி மாட்டினான்.

அதற்குப் பிறகு வீடு போர்க்களமாகிவிட்டது. பாப்பாவுக்குப் புது விதி புரியவில்லை. பச்சையில் போடுவாள், மூடி வராது. ஒன்பதாம் நாள் சட்டைக் காலரைப் பற்களால் கிழித்துக்கொண்டே வந்து பச்சையைத் தட்டிக் காட்டிக் கையை நீட்டினாள்.

"இல்ல பாப்பா. இது பச்சை இல்ல. மூடி இல்ல."

சொல்லி முடிக்கவில்லை. அலமாரிக் கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது. தட்டுகள் பறந்தன. பாப்பா அம்மாவின் பின்னலைக் கையில் சுற்றி இழுத்து, சமையலறை நிலைப்படியில் அவள் முகத்தை மோதினாள். ஒருமுறை, இருமுறை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தடுமாறிய ஊசிக்காரியின் கையில் இரும்பு வாணலி அகப்பட்டது. ஓங்கிவிட்டாள்.

பாப்பா விலகவில்லை. வாணலியையே அண்ணாந்து பார்த்தாள். அடி விழும் என்று தெரிந்து, அதற்காகக் காத்திருக்கிற கண். இல்லத்தில் பார்த்த இருபத்தெட்டுப் பிள்ளைகளின் கண்.

வாணலி மெல்லக் கீழே இறங்கியது. கண்ணாடிச் சில்லை மிதித்துக்கொண்டு ஊசிக்காரி கூடத்துக்கு வந்தாள். தன் கிளிப்பை எடுத்துச் சிவப்பில் மாட்டினாள். "அம்மா சிவப்பு," என்றாள் மகளைப் பார்த்து. நேரே போய் அந்தச் சந்துக்குள் நுழைந்து, போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, பதின்மூன்று வருஷத்து அழுகையையும் ஒன்றாக அழுதாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. போர்வை விலகியது. பாப்பா குந்தியிருந்தாள். அம்மாவின் விரல்களைப் பிரித்து உள்ளங்கையில் எதையோ வைத்து, மறுபடி ஒவ்வொரு விரலாக மடக்கி மூடினாள். ஓர் ஊதா மூடி. உண்மை சொன்ன அம்மாவுக்குப் பரிசு.

பிறகு அவள் எழுந்து போய்த் தன் கிளிப்பைச் சிவப்புக்கு ஏற்றினாள். யாரும் சொல்லவில்லை. அவளே ஏற்றினாள். அன்றிலிருந்து ஐந்து முறை அப்படி ஏற்றிவிட்டுச் சந்துக்குள் போயிருக்கிறாள். இரண்டு முறை ஏற்றாமல் அடித்தும் இருக்கிறாள். இன்றைக்கு எது நடக்கும் என்பதுதான் கேள்வி.

ஏழு. எட்டு.

சத்தம் நின்றுவிட்டது.

உள்ளறைக் கதவு சுவரில் போய் அறைந்தது. பாப்பா வாசலில் நின்றாள். நெற்றி வீங்கி நடுவில் தோல் உரிந்திருந்தது. மார்பு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. கண் நேராக அதிகாரி அம்மாவின் மடியிலிருந்த பேனாவுக்குப் போனது. இரண்டே எட்டில் கிட்டே வந்துவிட்டாள். பயத்தில் எழப்போன அந்த அம்மாளின் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. பாப்பாவின் கை ஓங்கி நின்றது. வெறும் காற்றில் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அந்தக் கையை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை. அவளேதான் பிடித்திருந்தாள்.

பிறகு சடக்கென்று திரும்பிப் பட்டையை நோக்கி நடந்தாள்.

'எம்பொண்ணே, எம்பொண்ணே' என்று ஊசிக்காரியின் உள்ளம் கூவியது.

பாப்பா பச்சையிலிருந்த தன் கிளிப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த திகைப்பை ஊசிக்காரி சாகும்வரை மறக்கமாட்டாள். கதவைத் திறந்து ஓடப் பார்த்தால் வெளியே பூட்டியிருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பார்வை.

பாப்பாவின் தொண்டையிலிருந்து மிருகம் போல ஓர் ஓலம் கிளம்பியது. இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துத் தொங்கினாள். திருகாணிகள் காரையோடு பெயர்ந்தன. "ஐயோ பாப்பா, இரு, இரு!" என்று வெல்டர் பாய்ந்து ஓடினான். பெயர்ந்து சுழன்று வந்த இரும்பின் விளிம்பு அவன் நெற்றியில் இறங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். விரல் இடுக்குகளில் ரத்தம் பீறிட்டது.

"பிடிங்க! யாராவது அவளைப் பிடிங்க!" என்று அதிகாரி அம்மா கத்தினாள்.

"தொடாதீங்க!" என்றாள் ஊசிக்காரி. எழுந்து, மகளுக்கும் மற்ற இருவருக்கும் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். "யாரும் தொடாதீங்க. அவ இன்னும் முடிக்கல."

பாப்பா தரையில் உட்கார்ந்து பட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். கிளிப்பைத் திருகினாள், கடித்தாள், முறுக்கினாள். பட்டென்று அது இரண்டாக ஒடிந்தது. ஸ்பிரிங் எங்கோ தெறித்தது. அவள் படம் ஒட்டிய பாதி அவள் கையில் வந்தது. அந்தப் பாதியைக் கொண்டுபோய்ச் சிவப்பின்மேல் வைத்தாள். கிளிப் பிடிக்கவில்லை, வழுக்கியது. மறுபடி வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

"செவ... ப்பு."

பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பாப்பாவின் குரலில் ஒரு சொல் விழுந்தது.

பட்டையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தாள். கோப்பை உடைந்தாலும் ரத்தம் கொட்டினாலும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல உள்ளே போனாள். கட்டில் ஓரமாகப் போர்வை இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஊசிக்காரி பட்டையை எடுத்துப் பார்த்தாள். பச்சையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மறுபாதியைச் சுற்றிப் பசை பளபளவென்று காய்ந்திருந்தது.

"யாரு செஞ்சது?"

வெல்டர் தலை நிமிரவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன்! யாரு ஒட்டினது?"

"காலைல..." என்றான். "மேடம் வரும்போது பச்சையில இருந்தா நல்லா இருக்குமேன்னு... ஒரே ஒரு மணி நேரம்தானேன்னு..."

அவள் கையிலிருந்த இரும்பு உயர்ந்தது. ஒரு நொடிதான். கை கீழே இறங்கியது. கிளிப் மாட்டச் சுவரில் பட்டை இல்லை, அது அவள் கையில்தான் இருந்தது. அவள் தன் கிளிப்பை அதிலிருந்து உருவி எடுத்து, அதன் சிவப்பிலேயே மாட்டினாள். "நான் சிவப்பு. இப்ப என்கிட்ட பேசாதீங்க." பட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் துணியைக் கிழித்து வந்து, பேசாமலே அவன் நெற்றியை அழுத்திக் கட்டினாள். கட்டு கொஞ்சம் அதிகமாகவே இறுகியிருந்தது. அவன் முனகவில்லை.

அதிகாரி அம்மா கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தாள். பேனாவின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடி, சத்தம் வராமல் அழுத்தினாள்.

"பிடித்து அடக்க வேண்டி வந்ததா... இல்லை." அந்தக் கட்டத்தைக் கோடு போடாமல் விட்டாள். "மற்றவருக்குக் காயம்..."

"நான் வழுக்கி விழுந்தேன்னு எழுதிடுங்க மேடம்," என்றான் வெல்டர் அவசரமாக.

"பொய் எழுதாதீங்க," என்றாள் ஊசிக்காரி. "அவ இழுத்த இரும்புலதான் அடிபட்டுது. எழுதுங்க. இன்னிக்கு நீங்க அதை மறைச்சா, நாளைக்கு அவ பச்சையில இருக்கான்னு நம்பி இன்னொருத்தி மூக்கைக் கொடுப்பா. ஆனா எழுதறதுன்னா முழுசா எழுதுங்க."

வெல்டர் மனைவியைப் பார்த்தான். பிறகு அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினான். "எழுதிக்குங்க மேடம். அவ எனக்குக் கோவம் வருதுன்னு சொல்ல வந்தா. அப்பன்தான் அவ வாயை ஒட்டி வச்சிருந்தான்னு எழுதிக்குங்க." சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான்.

அதிகாரி அம்மா எழுதினாள். நாலு வரிக்கு இருந்த இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். அதற்குள் ஊசிக்காரி டப்பாவிலிருந்து ஓர் ஊதா மூடியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், சந்தின் வாயில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வந்தாள். போர்வைக்கடியிலிருந்து ஒரு கை நீண்டு அதை இழுத்துக்கொண்டது.

"திங்கட்கிழமை இல்லத்து வண்டி வராது," என்றாள் அதிகாரி அம்மா எழுந்துகொண்டே. "பள்ளிக்கூட வேன்தான் வரும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வருவேன். அந்தப் பட்டையைத் திரும்ப மாட்டி வைங்க."

ஊசிக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள். "எனக்கு ஒரு கிளிப் இருந்தா இன்னிக்கு எங்க போட்டிருப்பேன் தெரியுமா?"

"எங்க மேடம்?"

"சிவப்புல. உங்க வீட்டு வாசல்ல காலடி வச்சதுலேருந்தே."

ஊசிக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அதை முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கும் ஒரு மூடி கொடுத்திருப்பேனே!"

அதிகாரி அம்மா படியிறங்கித் தெருவில் நடந்தாள். அவள் கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்துவிட்டு, ஊசிக்காரி கதவைச் சாத்தினாள். ரப்பர் பட்டை சுற்றிய தாழ்ப்பாள் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது.